ஒரு நகரம் எப்படிக் கொள்ளை போகிறது? டெல்லித் தமிழர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் டெல்லித் தமிழர்கள் கூட்டிப்போகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மலை மந்திர், குதுப்மினார், செங்கோட்டை, அப்படியே சாந்தினி சௌக். செங்கோட்டையில் திவான்-இ-காஸ் மண்டபத்தின் முன்னால் வந்ததும், "இங்கேதான் மயிலாசனம் இருந்தது, நாதிர்ஷா தூக்கிக்கொண்டு போய்விட்டான்" என்று யாராவது ஒருவர் சொல்வார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது 1739 என்ற ஓர் ஆண்டு. ராஜேந்தர் நகரில் அறை எடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி.

அந்த ஒரு வரியில் விட்டுப்போவது நிறைய. பாரசீக மன்னர் நாதிர்ஷா டெல்லியில் ஏறக்குறைய இரண்டு மாதம் தங்கினார். அந்த நாட்களில் இங்கே ஒரு பெரிய நிர்வாகமே நடந்தது. பட்டியல் எழுதினார்கள், மதிப்புப் போட்டார்கள், எடை பார்த்தார்கள், வசூலித்தார்கள். நகரக் கொள்ளை என்றதும் வெறிபிடித்த கூட்டம் கதவை உடைத்து அள்ளிக்கொண்டு ஓடும் காட்சிதான் நமக்குத் தோன்றுகிறது. அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. பழங்காலப் போரில் கொள்ளை என்பது படைவீரனுக்குச் சம்பளம், எதிர்த்த நகரத்துக்குத் தண்டனை, வென்ற அரசுக்கு வருமானம். அதற்கு நடைமுறையும் கணக்கும் பங்கு பிரிக்கும் விதியும் இருந்தன. இந்த மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

சம்பளம் வராத படை

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. மன்னர் ஜெயித்துவிட்டார், நகரம் கைக்கு வந்துவிட்டது. இனி அது அவருக்கே வரி கட்டப்போகிற நகரம். அதை ஏன் பாழாக்க வேண்டும்?

பெரும்பாலான நேரங்களில் மன்னரிடம் படைக்குக் கொடுக்கப் பணம் இருக்காது என்பதுதான் பதில். பெரிய படையைத் திரட்டலாம். அதற்கு மாதாமாதம் சம்பளமும் சோறும் கொடுப்பதுதான் கடினம். ஆகவே "ஊரைப் பிடித்தால் உங்களுக்குத்தான்" என்ற வாக்குறுதியே சம்பளத்தில் ஒரு பகுதியாக இருந்தது. அந்தப் பாக்கி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ரோம் நகரம் சாட்சி. 1527 மே மாதத்தில் ரோமுக்குள் புகுந்தது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. பல மாதச் சம்பளம் வராத வீரர்கள் அவர்கள். தளபதி பூர்போன் பிரபு மதிலில் ஏறும்போதே சுடப்பட்டு இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் படையைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. போப் ஏழாம் கிளமென்ட் கோட்டைக்குள் அடைந்து கிடந்தார். கத்தோலிக்கப் பேரரசர் ஒருவரின் படை கத்தோலிக்கத் தலைநகரைச் சூறையாடியது.

இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப்பின் கதை இன்னும் விசித்திரமானது. ஸ்பெயின் அரசு 1575-இல் கடன்களைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படை, தன் மன்னரின் ஆட்சிக்கே உட்பட்ட அந்த வணிக நகரத்தில் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. இங்கே எதிரி நாட்டு நகரம் என்ற பேச்சே இல்லை.

சரணா, முற்றுகையா?

அடுத்து, விதிகள். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் விவரங்கள் மாறினாலும் ஒரு பொதுவான வழக்கம் இருந்தது. படை வாசலுக்கு வந்ததும் கதவைத் திறந்துவிட்டால், நகரம் ஒரு தொகையைக் கட்டி உயிரையும் வீட்டையும் காப்பாற்றிக்கொள்ளலாம். கதவை அடைத்துப் போராடி, மதில் உடைந்து, படை உள்ளே ஏறி வந்துவிட்டால் எந்தப் பாதுகாப்பும் கேட்க முடியாது. இந்த இரண்டாவது நிலையில் பல இடங்களில் மூன்று நாள் கொள்ளைக்கு அனுமதி கொடுத்தார்கள். 1453-இல் கான்ஸ்டான்டினோபிளைத் தாக்கும் முன் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தன் படைக்குக் கொடுத்த வாக்கும் மூன்று நாள்தான்.

இந்த வழக்கம் ஏன் வந்தது என்பதை யோசிக்க வேண்டும். முற்றுகை என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் துன்பமல்ல. வெளியே கூடாரம் அடித்திருக்கும் படையும் நோயிலும் பசியிலும் மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். உடைந்த மதிலில் முதலில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அதனால் "சரணடைந்தால் பிழைப்பீர்கள், இல்லையென்றால் இதுதான் கதி" என்ற மிரட்டல் அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று தளபதிகள் கணக்குப் போட்டார்கள். ஒரு நகரத்தில் செய்த கொடுமை பத்து நகரங்களின் கதவைத் திறக்கும் என்பது அந்தக் கணக்கு. 1631-இல் ஜெர்மனியின் மக்டபர்க் சரணடைய மறுத்தது. மே மாதத்தில் ஒரே நாளில் நகரம் தீக்கிரையாகி, சுமார் 20,000 பேர் இறந்தார்கள். 1812-இல் ஸ்பெயினின் படஹோஸ் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து "மீட்ட" ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டனின் படை, தன் கூட்டாளி நாட்டு மக்களையே நாள்கணக்கில் சூறையாடியது. அதிகாரிகள் நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது எந்தத் தளபதிக்கும் எளிதாக இருந்ததில்லை.

ஹவுஸ் காஸில் ஒரு கூடாரம்

இனி நம் ஊருக்கு வருவோம். சிரி ஃபோர்ட் அரங்கத்தில் நிகழ்ச்சி பார்க்கப் போயிருப்பீர்கள். அந்தப் பெயரில் இருக்கும் சிரி, அலாவுதீன் கில்ஜி கட்டிய நகரம். 1311-இல் அவருடைய தளபதி மாலிக் காஃபூர், ஹொய்சாலர் தலைநகரான துவாரசமுத்திரம், மதுரை வரை போய்த் திரும்பியபோது கொண்டுவந்த செல்வத்தைச் சுல்தானிடம் ஒப்படைத்தது இங்கேதான். வரலாற்றாசிரியர் பரனி 612 யானைகள், 20,000 குதிரைகள் என்று எழுதுகிறார். அமீர் குஸ்ரோ சொல்லும் எண்ணிக்கை வேறு. எண் எதுவானாலும், பாண்டிய நாட்டின் கருவூலத்திலும் கோயில்களிலும் இருந்த பொன் டெல்லிக்கு வந்து சேர்ந்தது.

87 ஆண்டுகள் கழித்து அதே சிரி கொள்ளை போனது. 1398 டிசம்பர் 17 அன்று, மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர், டெல்லி சுல்தான் நசிருதீன் மஹ்மூத் துக்ளக்கின் படையைத் தோற்கடித்தார். சுல்தான் தப்பி ஓடிவிட்டார். வென்றவர் கூடாரம் அடித்தது ஹவுஸ் காஸ் ஏரிக்கரையில். டெல்லியின் பெரியவர்களும் மார்க்க அறிஞர்களும் அங்கே போய்ப் பேசினார்கள். 'அமான்' என்னும் அபயத் தொகையைக் கட்டினால் நகரத்துக்குத் தீங்கில்லை என்று முடிவானது. அதாவது டெல்லி முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது, சரணடைந்தது.

அப்படியும் கெட்டது. தொகையை வசூலிக்க எழுத்தர்கள் உள்ளே வந்தார்கள், தானியம் எடுக்க வீரர்கள் வந்தார்கள், வேடிக்கை பார்க்கவும் ஆட்கள் நுழைந்தார்கள். கைகலப்பு மூண்டது. பிறகு சிரி, ஜஹான்பனா, பழைய டெல்லி என்று மூன்று நகரங்களிலும் பல நாள் கொலையும் கொள்ளையும் நடந்தன. தைமூர் தரப்பில் எழுதப்பட்ட நூல்கள் இது அவர் விருப்பத்துக்கு மாறாக நடந்ததாகச் சொல்கின்றன. நான் அதை முழுதாக நம்பமாட்டேன். போருக்கு முன்பே தன்னிடம் இருந்த கைதிகளைக் கொல்ல உத்தரவிட்டவர் அவர். அந்தக் கைதிகள் ஒரு லட்சம் பேர் என்று அதே நூல்கள் எழுதுகின்றன.

தைமூர் எடுத்துப்போனதில் எனக்கு மிகவும் உறுத்துவது தங்கமல்ல, மனிதர்கள். டெல்லியின் கைவினைஞர்களைப் பிரித்தெடுத்து இளவரசர்களுக்கும் தளபதிகளுக்கும் பங்கிட்டார்கள். கல்தச்சர்களைத் தைமூர் தனக்கென்று வைத்துக்கொண்டார், சமர்கண்டில் ஒரு பெரிய மசூதி கட்டுவதற்காக. 1399-இல் அந்த வேலை தொடங்கியது. இந்தியாவிலிருந்து ஓட்டிப்போன யானைகள் அங்கே கல் சுமந்தன. தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒரு தொழிலை ஒரு நகரத்திலிருந்து வேரோடு பிடுங்கி இன்னொரு நகரத்தில் நடும் வேலை இது. பொன்னை மறுபடி சேர்த்துவிடலாம். தொழில் தெரிந்த கைகள் போனால் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டதைப் பற்றி நூல்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. அவர்களில் ஒருவர் பெயர்கூட எஞ்சவில்லை.

பஹாட்கஞ்சில் தொடங்கியது

இப்போது 1739. பிப்ரவரி 24 அன்று கர்னாலில் முகலாயப் படை தோற்றது. முதலில் பேசப்பட்ட தொகை 50 லட்சம் ரூபாய். முகலாயப் பிரபு நிஜாம்-உல்-முல்க் பேசி முடித்தது. அதைக் கொடுத்திருந்தால் நாதிர்ஷா கர்னாலோடு திரும்பியிருக்கலாம். அப்புறம் அவத் நவாப் சாதத் கான், தனக்கு வர வேண்டிய பதவி நிஜாம் குடும்பத்துக்குப் போன கோபத்தில், "டெல்லிக்கு வாருங்கள், 20 கோடி கிடைக்கும்" என்று ஆசை காட்டியதாக அக்கால நூல்கள் சொல்கின்றன. ஒரு அரசவைப் பொறாமைக்கு ஒரு நகரம் விலை கொடுத்தது.

மார்ச் 20 அன்று நாதிர்ஷா டெல்லிக்குள் வந்தபோது கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. நகரம் சரணடைந்திருந்தது. மறுநாள் தானிய விலையை நிர்ணயிக்கப் பாரசீக வீரர்கள் பஹாட்கஞ்ச் கிடங்குகளுக்குப் போனார்கள். ஜிடி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, பெட்டியோடு ஆட்டோ தேடுகிறோமே, அதே பஹாட்கஞ்ச்தான். அங்கே தகராறு மூண்டது. அன்று மாலையே "நாதிர்ஷா செத்துவிட்டார்" என்று வதந்தி பரவ, இரவெல்லாம் கூட்டம் பாரசீக வீரர்களைத் தேடித் தேடிக் கொன்றது.

விடிந்ததும் நாதிர்ஷா சாந்தினி சௌக்குக்கு வந்து, ரோஷன்-உத்-தௌலாவின் சுனேரி மசூதியில் அமர்ந்து, படுகொலைக்கு உத்தரவிட்டார். சீஸ்கஞ்ச் குருத்வாராவை ஒட்டி இன்றும் அந்தச் சிறிய மசூதி இருக்கிறது. ஜிலேபி வாங்கப் போகிறவர்கள் தலை நிமிர்ந்து பார்க்காமல் கடந்துவிடுவார்கள். காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை, பாதுஷா முகமது ஷா மன்றாடி நிறுத்தும் வரை, கொலை நடந்தது. 20,000 முதல் 30,000 பேர் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பழைய நூல்களில் சில ஆயிரங்களிலிருந்து லட்சத்துக்கு மேல் வரை எண்கள் கிடைக்கின்றன. ஜெயித்தவர் பக்கத்து எழுத்தர் பெருமைக்காகக் கூட்டுவார், தோற்றவர் பக்கத்தவர் துயரத்தில் கூட்டுவார். ஆகவே எந்தக் கொள்ளையைப் பற்றிப் படித்தாலும், எண்ணைக் கண்டதும் இதை எழுதியது யார், எப்போது என்று பாருங்கள்.

படுகொலை அரை நாள். வசூல் அதற்குப் பிறகு வாரக்கணக்கில். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முகலாய அமீர்களையே ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக்கி, வீட்டு வரி போடுவது போல ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை எழுதினார்கள். கட்ட முடியாதவர்களை அடித்து வதைத்தார்கள். அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. வாள் எடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள், பட்டியல் போட்டுக்கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. மயிலாசனமும் கோஹினூரும் போனது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பணத்தின் பலத்தில் நாதிர்ஷா ஈரானில் மூன்று ஆண்டுக்கு வரியைத் தள்ளுபடி செய்தார். சாந்தினி சௌக் வணிகர் கட்டிய தொகை ஈரான் விவசாயியின் வரியாக வரவு வைக்கப்பட்டது.

கொள்ளைக்கு ஒரு அலுவலகம்

ஆங்கிலேயர் வந்தபோது இந்தக் கணக்கு வேலை இன்னும் கச்சிதமானது. பிடிபட்ட பொருளை ஏலம் விட்டு, பதவிக்கு ஏற்பப் பங்கு பிரிக்க 'பிரைஸ் ஏஜென்ட்' என்ற அதிகாரிகளையே படையில் நியமித்தார்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த இரவு வீரர்கள் ஊரைச் சூறையாடினார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்து அதே வெல்லிங்டன், நான்கு பேரைத் தூக்கிலிட்டு அதை அடக்கினார். ஆனால் அடக்கியது தனி ஆள் கொள்ளையை மட்டுமே. அரண்மனையை வெறுமையாக்கும் வேலை ஏஜென்ட்டுகள் கையில் முறைப்படி நடந்தது. திப்புவின் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்தார்கள், பங்கு போட வசதியாக. தளபதி ஹாரிஸுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது, சாதாரண வீரனுக்குச் சில பவுண்டு. அந்தப் படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்களும் இருந்தார்கள். நம் முன்னோர் எப்போதும் கொள்ளை போன பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை.

1857 செப்டம்பரில் டெல்லி மறுபடி விழுந்தது. தாக்குதலுக்கு முன்பே, கிடைப்பதையெல்லாம் ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைக்க வேண்டும், பிறகு எல்லோருக்கும் பங்கு உண்டு என்று தளபதி வில்சன் அறிவித்திருந்தார். உள்ளே புகுந்த பிறகு பலர் அதைக் கேட்கவில்லை. நகர மக்கள் மதிலுக்கு வெளியே விரட்டப்பட்டார்கள். ஆளில்லாத வீடுகளில் ஏஜென்ட்டுகளின் ஆட்கள் தரையைத் தோண்டினார்கள், சுவரைத் தட்டிப் பார்த்து உடைத்தார்கள். இந்துக்கள் 1858 தொடக்கத்தில் திரும்ப அனுமதி பெற்றார்கள். முஸ்லிம்கள் இன்னும் நெடுநாள் காத்திருந்தார்கள். ஜாமா மசூதியே 1862 வரை தொழுகைக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பதேபூரி மசூதியை ஒரு வணிகருக்கு விற்றுவிட்டார்கள்.

கவிஞர் மிர்ஸா காலிப் அப்போது பல்லிமாரான் பகுதியில் இருந்தார். அவர் தெருவில் வசித்த ஹகீம்கள் பட்டியாலா மகாராஜாவுக்கு வேண்டியவர்கள். மகாராஜா ஆங்கிலேயர் பக்கம். அதனால் அவருடைய வீரர்கள் அந்தத் தெருவுக்குக் காவல் நின்றார்கள், காலிப் வீடு தப்பியது. ஆனால் அவர் மனைவி, வீட்டில் இருந்தால் ஆபத்து என்று நகைகளை காலே சாஹிப் என்ற பெரியவரின் வீட்டு நிலவறையில் ஒளித்துவைக்கக் கொடுத்திருந்தார். கொள்ளை போனது அந்த வீடு. ஒரு குடும்பத்தின் சேமிப்பு இப்படித்தான் போகிறது. யாருடைய தெருவில் யாருக்கு வேண்டியவர் இருந்தார் என்பதைப் பொறுத்து ஒரு வீடு தப்பும், அடுத்தது தப்பாது.

நம் நூல்களில்

இதெல்லாம் அந்நியர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. தொல்காப்பியத்தின் வெட்சித் திணையில், பகைவரின் ஆநிரை கவரும் போருக்கான துறைகளில் ஊர்கொலை உண்டு, ஆகோள் உண்டு, கவர்ந்ததைப் பங்கிடும் பாதீடு உண்டு, பிறகு உண்டாட்டும் கொடையும் உண்டு. கொல்வது, கவர்வது, பங்கிடுவது, விருந்து, பரிசு என்று மொத்த நடைமுறையும் வரிசையாக இலக்கணத்திலேயே இருக்கிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சாளுக்கியப் பாணியில் ஒரு துவாரபாலகர் சிலை இருக்கிறது. கல்யாணபுரத்தை எறிந்து விஜயராஜேந்திர தேவர் கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். முதலாம் ராஜாதிராஜனின் 11ஆம் நூற்றாண்டு வெற்றிச் சின்னம் அது. மறைக்கவில்லை, பெருமையாகப் பொறித்தார்கள்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவர்களின் காஞ்சியைப் பிடித்தார். அவருடைய பரம்பரைத் தலைநகரான வாதாபியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பல்லவ நரசிம்மவர்மன் பிடித்த பழைய பகை வேறு இருந்தது. ஆனாலும் அவர் காஞ்சியைப் பாழாக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்ததாக அந்தக் கோயில் தூணில் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. "அந்தக் காலம் அப்படி, யாரும் வேறு மாதிரி நடந்திருக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கல்வெட்டைத்தான் எடுத்துக்காட்டுவேன். அந்தக் காலத்திலும் வழி இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தவரும் இருந்தார்.

எப்போது குற்றமானது?

படைகளுக்கு அரசே மாதச் சம்பளமும் உணவும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கொள்ளையைத் தடை செய்வது நடைமுறையில் சாத்தியமானது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லிங்கன் அரசு வெளியிட்ட போர் விதிகள் கொள்ளைக்கு மரண தண்டனை வரை விதித்தன. பிறகு 1899, 1907 ஹேக் ஒப்பந்தங்கள் வந்தன. அவற்றில் ஒரு விதி, தாக்கிப் பிடிக்கப்பட்ட நகரமாக இருந்தாலும் அதைக் கொள்ளையடிக்கக் கூடாது என்கிறது. "தாக்கிப் பிடிக்கப்பட்டதாக இருந்தாலும்" என்று தனியாகச் சொல்லக் காரணம், சரணடையாத நகரத்துக்குப் பாதுகாப்பில்லை என்ற அந்தப் பழைய வழக்கம்தான். அதன் பெயர் சொல்லியே அதை மூடினார்கள்.

எழுதியதால் நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி ஆல்ஃபிரட் ரோசன்பர்க் என்பவரின் தலைமையில் ஒரு தனி அமைப்பையே வைத்து, பிடித்த நாடுகளின் ஓவியங்களையும் நூலகங்களையும், குறிப்பாக யூதக் குடும்பங்களின் உடைமைகளையும், வாரிக்கொண்டு போனது. அந்த அமைப்பும் பழைய கொள்ளையர்களைப் போலவே கணக்கு எழுதியது. எடுத்த ஓவியங்களைப் படம் பிடித்து, எண் போட்டு, ஆல்பமாகத் தைத்து வைத்தது. 1945-இல் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணையில் அப்படிப்பட்ட 39 ஆல்பங்களை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தது. 1946 அக்டோபரில் ரோசன்பர்க் மீது நிரூபணமான குற்றங்களில் கொள்ளையும் ஒன்று.